தோன்றா எழுவாய்

ஆகஸ்ட் 3

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை டாக்டர்தான் எழுதச் சொன்னார். போனில் பேசினால் நான் பாதியிலேயே வேறு எங்கோ போய்விடுகிறேன், நீங்கள் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். "எழுதினா கை மெதுவாப் போகும், அது பின்னாடியே மனசும் வரிசையில நிக்கும்" என்றார். நான் எழுதுவதை அம்மா படிக்கக் கூடாது, உறையை ஒட்டிய பிறகுதான் வாங்கித் தபாலில் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றாள்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. நெற்றியில் ஏழு தையல் போட்ட இடம் புழு ஊர்வது மாதிரி இருக்கிறது. மாடிப்படியில் விழுவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசுவாளே, அதில் ஒன்றுகூட இன்னும் திரும்பி வரவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு "அப்பா சொல்லு, அக்கா சொல்லு" என்கிறாள். பாப்பா அம்மாவின் வாயையே பார்க்கிறாள். நான் அப்போது குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். சத்தம் கேட்காது.

எங்கே விட்டேன்? அம்மா. அம்மாவைப் பற்றி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். கவனம் சிதறாமல் இருக்க டாக்டர் தந்த என்னுடைய ஏ.டி.ஹெச்.டி. மாத்திரை எனக்கு வேலை செய்வதில்லை. அம்மாவுக்குத்தான் வேலை செய்கிறது. காலையில் ஏழரைக்கு நான் விழுங்கினால் எட்டேகாலுக்கு அம்மா நல்ல அம்மாவாகிவிடுகிறாள். தலை வாரும்போது முடியை இழுப்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மருந்து தீர்ந்துவிடும், அம்மாவும் தீர்ந்துவிடுவாள். பத்து நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது?

இன்னொன்று. அம்மா இப்போது வீட்டிலும் புகார்க் குரலில்தான் பேசுகிறாள். கரண்ட் போனால் ஊரில் எல்லோரும் அம்மாவின் புகார் மையத்துக்குப் போன் செய்து அம்மாவைத் திட்டுவார்களே, அப்போது அம்மா பொறுமையாகப் பேசுகிற அந்தக் குரல். "தயவுசெஞ்சு உங்க பையை எடுத்து வைக்கிறீங்களா?" என்கிறாள். என்னை! நீங்க, வாங்க, போங்க. முன்பெல்லாம் "எருமை, பையை எட்றீ" என்பாள். எருமை என்றால் நான் அவளுடைய எருமை. நீங்க என்றால் நான் யாரோ.

மாடிப்படியின் மேல் முனையில் நீங்கள் செய்து வைத்த மரக்கேட்டில் இப்போது மூன்று கொக்கி இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அம்மா கேட்டைப் பார்க்கிறாள். பிறகு என் கையைப் பார்க்கிறாள். பாப்பாவைத் தூக்க என்னை விடுவதில்லை.

அப்பா, உங்களுக்கும் என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறதா? இருந்தால் சொல்லலாம். எனக்கே என் கையைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

தும்பி

ஆகஸ்ட் 9

தும்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் பக்கத்தில் எழுத்தெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. இரண்டாம் பக்கம் மழைக்கு ஒதுங்க ஓடுகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் எல்லாம் புரிந்தது. நீ இவ்வளவு எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

நான் இருப்பது கட்டி முடியாத ஒன்பது மாடி ஆஸ்பத்திரி. மூன்று லிஃப்ட் பொருத்த வேண்டும். பகல் முழுவதும் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள்தான் வேலை. அங்கே போன் எடுக்காது. அண்ணாந்து பார்த்தால் கதவு வைக்காத ஒன்பது ஓட்டைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் குறுக்கே கட்டை அடித்திருக்கிறோம். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் நான் ஒன்பது மாடியும் ஏறிப்போய் ஒவ்வொரு கட்டையையும் கையால் ஆட்டிப் பார்க்கிறேன். "மேஸ்திரிக்குக் கட்டை வியாதி" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை.

அம்மா மாறுவது மாத்திரையால் இல்லை. அம்மாவுக்குப் பயம். பயந்துபோனவர்கள் ஒன்றையே நாலு முறை பார்ப்பார்கள். கத்திவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அந்த 'நீங்க' வருகிறது. போனில் என்னிடமும் அந்தக் குரலில்தான் பேசுகிறாள், அதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை.

ஊருக்கு வர இன்னும் நேரம் வாய்க்கவில்லை. முதல் லிஃப்ட் ஓடிக் காட்டினால்தான் விடுப்புக் கேட்க முடியும். நடந்தது நடந்துவிட்டது. அதையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். பாப்பா பேசுவாள். டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. பென்சிலைக் கடிக்காதே.

அப்பா

ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கப் பயமா என்று கேட்டேன். நீங்கள் கட்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதையே நான் பரீட்சையில் செய்தால் மிஸ் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்.

பரவாயில்லை. நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்கே தெரியும்.

அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தொலைத்ததற்கு அரை மணி நேரம் திட்டியிருக்கிறீர்கள். ஸ்கூட்டர் சாவியை நான்தான் எங்கோ வைத்துவிட்டேன் என்று திட்டினீர்கள், அது உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது, அப்போதும் "நீ ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல" என்று திட்டினீர்கள். ஆனால் பாப்பா பதினாலு படி உருண்டு விழுந்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். சின்னத் தப்புக்குத் திட்டு. பெரிய தப்புக்கு ஒரு நாள் முழுக்க யாரும் பேச மாட்டீர்கள். அதைவிடப் பெரிய தப்புக்கு என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்கு அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்.

அம்மா வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? காதில் மாட்டுகிற ஹெட்போன் கழுத்திலேயே தொங்கியது. "எப்படிங்க விழுந்தா?" என்றாள். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு "கேட்டைச் சாத்தாம விட்டாச்சு" என்றீர்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் "நான்தாம்மா" என்றேன்.

அப்போது எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஆனால் நம் வீட்டில் எது திறந்து கிடந்தாலும் நான்தான். ஃபிரிட்ஜ் நான். பேனா மூடி நான். பவுடர் டப்பா நான். அப்படியென்றால் கேட்டும் நான்தானே? கீழ் வீட்டுத் தையல்கார அத்தையிடம் ரிப்பன் துண்டு வாங்க ஓடினேன் என்பது தெரியும். அத்தை ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். நான் வெளியே வருவதற்குள் நீங்கள் கீழே வந்து பாப்பாவைத் தூக்கிவிட்டீர்கள். அவ்வளவு வேகமாக நீங்கள் படி இறங்கி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் யோசித்தேன். இப்போது முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. என் கை கேட்டைத் தள்ளுகிறது. கொக்கி தொங்குகிறது. இரண்டு முறை ஆடிவிட்டு நிற்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் இதுதான் வருகிறது, கணக்கு வகுப்பில்கூட. வேறு எதையும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நினைக்க முடியாத எனக்கு இதை மட்டும் நாள் முழுக்க நினைக்க முடிகிறது.

அம்மாவின் மேஜை டிராயரில் ஒரு படிவம் பார்த்தேன். ஏதோ விடுதிப் பள்ளி. படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். நான் கேட்டதற்கு, "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றாள். முடிவு செய்யாமலா படத்துக்குப் பக்கத்தில் என் போட்டோவை வைத்திருப்பாள்?

தும்பி

ஆகஸ்ட் 19

தும்பிக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. மேலே மூன்று வரியை அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

இன்று முதல் லிஃப்டின் கதவுப் பூட்டைப் பொருத்தினோம். கதவு முழுசாகச் சாத்தவில்லை என்றால் பெட்டி ஒரு அங்குலம்கூட நகராது. நீ என்ன பட்டனை அழுத்தினாலும் சரி, கெஞ்சினாலும் சரி. மனிதர்கள் மறப்பார்கள் என்று தெரிந்துதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வீட்டுக் கேட்டில் அப்படி ஒன்றை நான் வைத்திருக்க வேண்டும். மனம் அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

விடுதி பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அவ பாப்பாவைப் பார்க்கற பார்வையை நீங்க பாக்கலை. குழந்தை பயத்துல கருகிட்டு வர்றா. கொஞ்ச நாள் இங்கருந்து தள்ளி இருந்தா நல்லதுன்னு தோணுது" என்றாள். உன் மேல் வெறுப்பு இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

நீ என்ன செய்தாய், செய்யவில்லை என்பதை விட்டுவிடு. தப்பு எல்லோருக்கும் வரும். நீ கெட்ட பெண் இல்லை. உன்னை எப்போதோ மன்னித்தாயிற்று.

இங்கே மழை. குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது. போய்ப் பார்க்க வேண்டும்.

அப்பா

ஆகஸ்ட் 24

அப்பாவுக்கு,

மன்னித்தாயிற்று என்று எழுதியதற்கு மிகவும் நன்றி. அதைப் படித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஏனென்றால் உள்ளே ஒரு மூலையில், 'ஒருவேளை நான் இல்லையோ' என்று கொஞ்சூண்டு நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யாதவர்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள் இல்லையா? அதனால் நான்தான் என்று முடிவாகிவிட்டது. இப்போது அந்த மூலையும் காலி.

ஒரு விஷயம் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லக் கூடாது. சனிக்கிழமை காலையில் அம்மா என்னை ஒரு நிமிடத்தில் ஆறு 'நீங்க' சொன்னாள். எண்ணினேன். பாப்பா என் பக்கம் தவழ்ந்து வந்தபோது "நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்றாள். ஒரு மாத்திரை போதவில்லை என்று நினைத்து, அவள் அடுப்படிக்குப் போனதும் இன்னொன்று போட்டுக்கொண்டேன். இரண்டு போட்டால் அம்மா இரண்டு மடங்கு நல்லவளாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அம்மா அப்படியேதான் இருந்தாள். எனக்குத்தான் நெஞ்சு மோட்டார் போட்டது போல அடித்தது. விரல் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு பலகையில் எத்தனை ஆணி என்று எண்ணினேன். மத்தியானம் சரியாகிவிட்டது. நீங்கள் கவலைப்படாதீர்கள், மூன்று போடவில்லை. மூன்று போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன்.

பள்ளியில் தோன்றா எழுவாய் நடத்தினார்கள். 'நேற்று வந்தான்' என்றால் 'அவன்' வெளியே தெரிய மாட்டான், ஆனால் வாக்கியத்துக்குள்ளே ஒளிந்திருப்பான். எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பு முழுக்க வேறு எங்கும் போகாமல் கேட்டேன். கை தூக்கி, "கேட்டைச் சாத்தாம விட்டாச்சு, இதுல எழுவாய் யாரு மிஸ்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "அதைச் சொன்னவங்களைத்தான் கேக்கணும்" என்றார். நான் நோட்டில் 'நான்' என்று எழுதிக்கொண்டேன். சரிதானே அப்பா?

இந்தக் கடிதத்தோடு படிவம் வைத்திருக்கிறேன். நான்தான் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். "நானே போறேம்மா, நீ முடிவு பண்ண வேணாம்" என்றேன். அம்மா ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உங்கள் கையெழுத்தும் வேண்டும். 'சேர்ப்பதற்கான காரணம்' என்ற கட்டத்தை அம்மா காலியாக விட்டிருந்தாள். நானே நிரப்பிவிட்டேன். 'தங்கையின் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை, அகராதியில் பார்த்தேன்.

செப்டம்பர் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டுமாம். அங்கேயும் படிக்கட்டு இருக்கும். ஆனால் அங்கே பாப்பா இருக்க மாட்டாள்.

சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பயமாக இருக்கிறது. போகவும் பயமாக இருக்கிறது, இருக்கவும் பயமாக இருக்கிறது.

தும்பி

ஆகஸ்ட் 28

தும்பி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. குழிக்குள் நின்று டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். மாத்திரை பற்றிய இடம் வந்ததும் மீதியைப் படிக்காமல் ஏணியில் ஏறி ஓடினேன். சிக்னல் கிடைக்க நாலாம் மாடி வரைக்கும் போக வேண்டியிருந்தது. நீ எழுதி நாலு நாள் ஆகியிருக்கிறது. அந்த நாலு நாளில் நீ மூன்று போட்டிருந்தால்? போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். கடைசியில் எடுத்தாள். நீ பள்ளியில் இருக்கிறாய் என்றாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இதைக் கேள். ஒன்றுக்கு மேல் போடக் கூடாது. அது அம்மாவை மாற்றுகிற மருந்து இல்லை. கூடுதலாகப் போட்டால் உன் உயிருக்கே ஆபத்து. அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டிருந்தாய். சொல்லிவிட்டேன். இதில் உன் பேச்சைக் கேட்க முடியாது. இன்றே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போவாள். மாத்திரை இனி அவள் கையில்தான் இருக்கும்.

பிறகு உன் கடிதத்தின் மீதியைப் படித்தேன். உன் மிஸ் சொன்னது சரி. சொன்னவனைத்தான் கேட்க வேண்டும். சொன்னவன் நான். பதில் சொல்கிறேன்.

கேட்டைச் சாத்தாமல் விட்டவன் நான்.

அன்றைக்கு நீ ரிப்பன் வாங்க ஓடினாய். கேட்டைத் தள்ளிவிட்டு மூன்று படி இறங்கினாய். அங்கே நின்றாய். உனக்கு நீயே ஏதோ சொல்லிக்கொண்டாய். திரும்பி ஏறி வந்து, கொக்கியை மாட்டி, ஒரு முறை இழுத்தும் பார்த்துவிட்டுப் போனாய். நான் ஹாலில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லையே, தேறிவிட்டாளே என்றுகூட நினைத்தேன்.

உன் கை கேட்டைத் திறந்து விடவில்லை. நான் பார்த்தேன். இரண்டரை மாதமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஸ்குரூ டிரைவர் ஸ்கூட்டர் பெட்டியில் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம்தானே என்று இறங்கினேன். தெருவில் போன் வந்தது. பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு எப்போதும் தெரியாது. நான் வேகமாகப் படி இறங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த நேரத்தில் நான் மேலேயே இல்லை. கீழேயேதான் இருந்தேன்.

அம்மா கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். 'விட்டாச்சு' என்றேன். யார் விட்டது என்று சொல்லவில்லை. அடுத்த மூச்சில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டு "நான்தாம்மா" என்றாய். அந்த நொடியில் எனக்குள்ளே ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது, தும்பி. அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. கொக்கியை மாட்டாமல் போனது மறதி. உன்னை அப்படிச் சொல்ல விட்டது மறதி இல்லை. பயம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா, "போன்ல உக்காந்துடாதீங்க, கேட்டைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. வெளியூர் வேலை வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். அதற்கு மேலே, உன்னை மன்னித்தாயிற்று என்று வேறு எழுதினேன். இதைவிடக் கேவலமாக ஒரு வரி நான் எழுதியதில்லை.

டாக்டர் முதல் நாள், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல டாக்டர்" என்றேன். பள்ளியில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார விடவே மாட்டார்கள். உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் அதே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரிங்க, வெச்சிடறேன்" என்றாள்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. காரணம் என்ற கட்டத்தில் நீ எழுதியதை அடித்துவிட்டு, 'காரணம் எதுவும் இல்லை' என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன். ஆறாம் தேதி காலையில் வீட்டில் இருப்பேன். விடுப்புத் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி.

அப்பா

செப்டம்பர் 1

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். ஒரு முறைகூடப் பாதியில் வேறு எங்கும் போகவில்லை.

நீங்கள் போன் செய்த அன்றைக்கு அம்மா அரை நாளிலேயே பள்ளிக்கு வந்துவிட்டாள். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். அம்மா அதை நம்பாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து என் ஷூவைக் கழற்றினாள். எனக்குப் பன்னிரண்டு வயது. லேஸ் முடிச்சு விழுந்துவிட்டது. அவிழ்க்க முடியாமல் அதையே பிடித்துக்கொண்டு, "ஏன்டி லூசு, செய்யாததை ஏன்டி நான்தான்னு சொன்ன? நான் கேட்டனா உன்னை?" என்று அழுதாள். கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தாய் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

பாப்பாவை என் மடியில் வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். அம்மா என் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பாப்பா இன்னும் பேசவில்லை. ஆனால் என் பட்டனைப் பிடித்து வாயில் போட்டாள்.

எனக்கு உங்கள் மேல் பயங்கரக் கோபம். உங்கள் நீலச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மிதித்தேன். இரண்டரை மாதம் அப்பா! அதில் என் பிறந்தநாள்கூட வந்தது. அன்றைக்கு நான் கேக்கை வெட்டமாட்டேன் என்று சொன்னதற்கு, கத்தியை என் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அது நல்லது. இப்போது கேட்காதீர்கள். நான் எப்போது தருவேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. என் கை கேட்டைத் தள்ளுவதும் கொக்கி ஆடுவதும் இன்னும் அப்படியேதான் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகும் போகவில்லை. நான் திரும்பி ஏறி வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது ஒரு துளிகூட ஞாபகம் இல்லை. நடக்காதது எப்படி இருக்கிறது, நடந்தது எப்படி இல்லை? இந்த மாதிரி நான் செய்யாதது இன்னும் எத்தனை எனக்குள்ளே இருக்கிறதோ. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. வந்ததும் நான் திரும்பி ஏறி வந்ததை இன்னொரு முறை சொல்லுங்கள். எந்தப் படியில் நின்றேன், எந்தக் கையால் மாட்டினேன், எல்லாம். தினமும் சொல்லுங்கள்.

ஆறாம் தேதி அம்மா உங்களைத் திட்டுவாள். நிறையத் திட்டுவாள், இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவும்போது ஒத்திகை பார்க்கிறாள். உங்களுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இல்லை. அதனால் சொல்கிறேன். தரையைப் பார்க்காதீர்கள், கேட்கவில்லை என்று நினைப்பாள். கண்ணைப் பார்க்காதீர்கள், முறைக்கிறோம் என்று நினைப்பாள். மூக்கைப் பாருங்கள். நடுவில் அவள் நிறுத்துவாள், முடிந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது, அது மூச்சு வாங்கத்தான். 'ஆனா' என்று ஆரம்பிக்கவே கூடாது. பாதியில் மனசு வேறு எங்காவது போய்விட்டால் பயப்படாதீர்கள், என் விரலை அமுக்குங்கள். அம்மா எந்த இடத்தில் இருக்கிறாள் என்று நான் மெதுவாகச் சொல்கிறேன். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

தும்பி